விடுதிக்குப் பின்னால் ஒரு கூட்டுத் தோட்டம்

கேள்வி: பல்கலைக்கழக விடுதிக்குப் பின்னால் கிடக்கும் செம்மண் தரிசில் நாங்கள் 12 மாணவியர் சேர்ந்து காய்கறி பயிரிடுகிறோம். சென்ற ஆண்டு வைத்த செடிகள் அனைத்தும் கோடை விடுமுறையில் கருகிவிட்டன. இம்முறை என்ன செய்யலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வெயிலைவிட, பயிரின் காலமும் படிப்பின் காலமும் பொருந்தாமற்போனதே காரணம் என்று கருதுகிறேன். ஆடியில் விதைத்தால் வெண்டையும் சீனியவரையும் ஏறத்தாழ 50 நாட்களில் காய்க்கத் தொடங்கும். நம் பகுதிக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை என்பதால், அதன் வேகம் தணிந்த மார்கழியில் கத்தரி, தக்காளி நாற்றுகளை நட்டு, ஏப்ரல் தேர்வுக்குள் பெரும்பகுதியைப் பறித்துவிடலாம். விடுமுறையில் வரப்போர முருங்கை மட்டும் நிற்கட்டும். வேரூன்றிவிட்டால் அது வறட்சியைத் தாங்கும்.

செம்மண்ணில் ஈரம் நிற்காது. அதற்கு மட்கு உரமே மருந்து. விடுதிச் சமையலறையின் காய்கறிக் கழிவு ஒரு பங்குக்கு உலர்ந்த வேப்பஞ்சருகு இரண்டு, மூன்று பங்கு என அடுக்கி, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை புரட்டினால், மூன்று மாதங்களில் நல்ல உரம் கிடைக்கும். சமைத்த சோற்றைச் சேர்க்காதீர்கள், எலி வரும். அரிசி களைந்த நீரை வீணாக்காமல் பாத்திகளுக்கு ஊற்றுங்கள். பாத்திகள் மீது சருகு மூடாக்கும் இடுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் மயில்கள் முளையைக் கொத்திவிடும். ஆகவே விதைத்த அன்றே வலை கட்டுங்கள். நீர் ஊற்றும் முறையை நாள்வாரியாக எழுதி விடுதி வாசலில் ஒட்டுங்கள். முதலாண்டு மாணவியரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.