உதவித்தொகை எடுக்க வராத பாட்டி

கேள்வி: எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி இரண்டு மாதமாக முதியோர் உதவித்தொகை எடுக்கவில்லை. ரேஷன் கடைப் பக்கமும் காணோம். மகளிர் குழுவில் இருக்கும் நாங்கள் யாரிடம் சொல்வது? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: முதலில் இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்குப் பழக்கமான ஒருவரும் கூட வரட்டும். கதவு உள்ளே தாழிட்டிருந்து, கூப்பிட்டும் குரல் இல்லையென்றால் உடனே 112-க்கும் 108-க்கும் பேசுங்கள். வி.ஏ.ஓ. வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வெளியே பூட்டியிருந்தால், ‘மகள் வீட்டுக்குப் போயிருப்பார்’ என்ற பேச்சை நம்பித் திரும்பாதீர்கள். உறவினர் எண்ணை வாங்கி, பாட்டியின் குரலையே போனில் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் மகன்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவதுண்டு. அந்த 61 நாளும் தனித்திருக்கும் பெரியவர்களை அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

ஆள் இருந்தால் எடுத்ததும் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நேற்று என்ன சாப்பிட்டார், எழுந்து நடக்கிறாரா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை மீதி இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை தீர்ந்திருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். ரேஷன் பொருள் வீட்டுக்கே வர, தாயுமானவர் திட்டப் பட்டியலில் பெயர் உண்டா என்று கடையில் கேளுங்கள்.

பணம் எடுக்காததற்கு நம் கடற்கரையில் அடிக்கடி காரணமாவது கைரேகை. பாறையில் பாசி எடுத்தும், கருவாட்டுக்கு உப்புப் பிசிறியும் ரேகை தேய்ந்துபோகும். வங்கி முகவரின் மெஷின் இரண்டு தடவை ஏற்காவிட்டால், ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள். கூச்சத்தில் பாட்டி அப்புறம் போகவே மாட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மற்ற விரல்களையும் வைக்கச் சொல்லுங்கள். எதுவும் பிடிக்கவில்லையா? பாஸ்புக்குடன் கிளைக்கே கூட்டிப்போய், படிவத்தில் பெருவிரல் ரேகை வைத்து எடுக்கலாம். பிறகு ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள். நடமாட முடியாதவரா? 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டிலேயே பணம் தர ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மேலாளரிடம் எழுத்தாகக் கேளுங்கள்.

பாட்டி சம்மதித்தால் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தும் அவர் கைக்கு வரவில்லையென்றால், ஏ.டி.எம். கார்டு யாரிடம் என்று கேளுங்கள். பணம் கணக்கிலேயே கிடப்பதைவிட இதுதான் பெரிய கவலை. முதியோர் உதவி எண் 14567-இல் ஆலோசனை கிடைக்கும்.

கேள்வி: எடுக்காமலே விட்டால் உதவித்தொகை நின்றுவிடுமா? (வாசகர், தொண்டி)

பதில்: வரவான பணம் கணக்கிலேயே இருக்கும். விசாரணைக்கு வந்தவர்கள் பூட்டிய வீட்டைப் பார்த்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டால்தான் மாதம் 1,200 ரூபாய்க்கே ஆபத்து. ஊரைவிட்டுச் சில வாரம் போவதானால் வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டுப் போகட்டும். நின்றுபோயிருந்தால், திருவாடானையில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல்களோடு, கடைசி வரவு தெரியும் பாஸ்புக் பக்கத்தின் நகலையும் வையுங்கள். எந்த மாதம் நின்றது என்பதற்கு அதுதான் சான்று. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் அந்தச் சீட்டோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம்.