வாசகர் கேள்வி பதில்: கண்ணைப் பார்க்காமலும் கதைக்கலாம்

சென்ற இதழில் 'நரம்பியல் பன்மை' என்ற சொல்லைப் பாவித்திருந்தோம். 1990களில் ஓட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தங்களுக்குள் கதைத்து வளர்த்தெடுத்த கருத்து அது. மூளைகள் பலவிதம், அதில் ஒருவிதம் மட்டும்தான் சரி என்றில்லை என்பது சாரம். இதை ஏற்றுச் செய்யும் உளவளத்துணை எப்படியிருக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் நாலை இங்கே எடுத்திருக்கிறோம். இந்தப் பக்கத்தில் 'மதியிறுக்கம்' என்று எழுதுவதில்லை. இறுகிப்போனது மதியென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஓட்டிசம் என்றே எழுதுகிறோம். ஏடிஎச்டி என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும் அவசரத்தை அடக்குவதும் கடினமாயிருக்கும் நிலை.

கேள்வி: மகனுக்கு ஓட்டிசம் என்று சொன்ன பிறகுதான் என் கணவரையும் காட்டினோம். இவருக்கு ஓட்டிசம், ஏடிஎச்டி இரண்டும் இருக்கிறதாம். வேலையால் வந்தால் கதை இல்லை. சொன்ன வேலை மறந்துபோகும். நான் சத்தம் போட்டால் எழும்பிக் குளக்கட்டுப் பக்கம் போய்விடுவார். உளவளத்துணைக்குப் போனபோது, தினமும் அரை மணித்தியாலம் ஆளை ஆள் பார்த்து மனதில் இருப்பதைக் கதைக்கச் சொன்னார்கள். இரண்டு கிழமையில் நிலைமை இன்னும் மோசம். எங்களில்தான் பிழையா?
*வாசகி, பரந்தன்*

பதில்: உங்களில் பிழை இல்லை. தந்த பயிற்சி இவருக்குப் பொருந்தாதது. ஓட்டிசம் உள்ள பலருக்கு, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதும் அவர் சொல்வதை விளங்கிக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடக்காது. கண்ணைப் பார்த்தால் காது விட்டுப்போகும். அதன் மேல் 'மனதில் இருப்பதைச் சொல்லுங்கோ' என்ற திறந்த கேள்வி. தன் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே கடினமான நிலை ஒன்று உண்டு. ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது காணப்படுகிறது. அப்படிப்பட்டவரிடம் கேட்டால் 'ஒண்டுமில்லை' என்றுதான் வரும். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

ஓட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒன்றை எழுதினார்: இவர்களுக்கு மற்றவர் மனம் விளங்கவில்லை என்பது பாதிக் கதை, மற்றவர்களுக்கும் இவர்கள் மனம் விளங்குவதில்லை. தம்பதியருக்கான வேலை இந்த இடத்தில் தொடங்குகிறது. ஒருவரைத் திருத்தி மற்றவரிடம் ஒப்படைக்கும் வேலை இல்லை இது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் இருவரும் அசைய வேண்டும்.

முதலில் குளக்கட்டு. அவர் எழும்பிப் போவதை நிறுத்தப் பார்க்க வேண்டாம். சண்டையில் நெஞ்சு படபடத்து உடம்பு கொதித்தால் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் தேவை, பலருக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு முன் சொல்வது எதுவும் மண்டைக்குள் போகாது. குறை என்னவென்றால், திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் போவது. நேரம் சொல்லாத இடைவேளை, வீட்டில் இருப்பவருக்குக் கைவிட்டது போலத்தான் படும். ஆகவே அமைதியான ஒரு நாளில் இருவருமாக ஒரு சைகை முடிவு செய்யுங்கள். கையை மேசையில் வைத்தால் 'இப்ப ஏலாது' என்று அர்த்தம். வாய் அடைத்துப்போகும் நேரத்தில் வசனம் வராது, கை வரும். போகிறவர் திரும்பும் நேரத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வரவும் வேண்டும். இன்னும் கதைக்க ஏலாவிட்டால் வந்து அதைச் சொல்லி அடுத்த நேரம் குறிக்க வேண்டும். அந்த இடைவேளைக்குள் நீங்கள் வாட்ஸ்அப்பில் சண்டையைத் தொடர்ந்தால் 20 நிமிடம் மறுபடி பூச்சியத்தில் இருந்து தொடங்கும். விட்ட கதையை 24 மணித்தியாலத்துக்குள் எடுத்து முடியுங்கள். இந்தக் கடைசி விதி உங்களுக்காக. இல்லாவிட்டால் சைகையே தப்பிக்கும் வழியாகிவிடும்.

அடுத்தது கேட்கும் விதம். 'வீட்டைக் கொஞ்சம் பாருங்கோ' என்றால் சிலர் உண்மையாகவே வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'ஆறு மணிக்கு முன் கோழிக்கூட்டைப் பூட்டுங்கோ' என்றால் வேலை நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். வாயால் சொன்னது அவரது நினைவில் நிற்காது என்றால் அது கண்ணில் பட வேண்டும். பட்டியலைக் குசினிச் சுவரில் ஒட்டினால் மூன்றாம் நாள் அது சுவராகிவிடும். மோட்டார் சைக்கிள் திறப்பு தொங்கும் ஆணியில் தொங்கவிடுங்கள், அதை எடுக்காமல் திறப்பை எடுக்க ஏலாதபடி.

'உதவி' கேட்பதை விட்டுவிட்டு முழு வேலையாகப் பிரியுங்கள். மகனின் கிளினிக் அவர் பொறுப்பு என்றால் திகதியை நினைவில் வைப்பது, கொப்பி எடுப்பது, ஓட்டோ சொல்வது எல்லாம் அவருடையது. போனில் இரண்டு அலாரம்: முதல் நாள் இரவு ஒன்று, காலையில் ஒன்று. இங்கே வழக்கமாகப் பிழைக்கும் இடம் ஒன்றுண்டு. மனைவி நினைவூட்டத் தொடங்குவார், பிறகு மேற்பார்வை, கடைசியில் கணவனுக்குத் தாயாகிவிடுவார். அதோடு கோபமும் வரும், நெருக்கமும் போகும். அலாரம் நினைவூட்டட்டும். ஒரு கிழமை பிசகினால் ஆளைக் குறைசொல்லாமல் அலாரத்தின் நேரத்தை மாற்றுங்கள்.

அரை மணித்தியாலக் கதையைத் தினமும் வைக்காமல் கிழமைக்கு ஒருநாள், குறித்த நேரத்தில் வையுங்கள். எதிரெதிரே வேண்டாம். திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோ, கீரை ஆய்ந்துகொண்டோ, நடந்துகொண்டோ கதைக்கலாம். என்ன கதைப்பது என்று முதல் நாளே மூன்று வரி எழுதி அனுப்புங்கள். வேலையால் வந்து முதல் 30 நிமிடம் எதுவும் கேட்க வேண்டாம். வெயில், பஸ்ஸில் பாட்டு, பட்டறைச் சத்தம் எல்லாம் பொறுத்து, நாள் முழுக்க வெளியில் ஒரு முகம் வைத்திருந்தவர் அவர். நண்பர்களோடு சிரித்துக் கதைத்தவர் வீட்டுக்கு வந்ததும் வாயடைத்துப்போவது நடிப்பில்லை. களைத்தவர் பாதுகாப்பான இடத்தில்தான் விழுவார். அதேபோல, உங்கள் தனிமையும் உண்மை. கிழமைக்கு ஒரு நேரம் உங்களுக்குப் பிடித்த விதமாக அவர் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில், சரியாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் எல்லோருக்குமாகச் சொல்கிறோம். கை நீட்டுவது, காசைப் பூட்டிவைப்பது, வெருட்டுவது ஆகியவை ஓட்டிசமோ ஏடிஎச்டியோ இல்லை. ஒருவர் மற்றவருக்குப் பயந்திருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கவைப்பது ஆபத்து. அங்கே தனித்தனியாகத்தான் சந்திக்க வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கேள்வி: 1999இல் பிறந்தேன். 2009இல் 10 வயது. எனக்கு எதிலும் கவனம் நிற்பதில்லை, சத்தம் என்றால் துடிக்கிறேன், வேலைகளை அரைவாசியில் விடுகிறேன். ஒருவர் 'சண்டை பார்த்த பிள்ளை, அதுதான்' என்கிறார். இன்னொருவர் ஏடிஎச்டி என்கிறார். றிப்போட் கொப்பிகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், முள்ளியவளை*

பதில்: வன்னியில் இது மற்ற இடங்களைவிடச் சிக்கலான கேள்வி. ஏடிஎச்டிக்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. வேறிடத்தில் அந்த விதியே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். உங்கள் 12 வயதுக்குள் முள்ளிவாய்க்காலும் முகாமும் வந்துவிடுகின்றன. ஆகவே இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தபோது உங்களுக்கு இரண்டு மூன்று வயது. 2006இல் சண்டை மீண்டும் மூளும்வரை ஒப்பீட்டளவில் அமைதியான அந்த நாலு வருடத்தில், முன்பள்ளியிலும் ஆண்டு ஒன்றிலும் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் பெறுமதியான சாட்சி.

அம்மாவிடமோ அக்காவிடமோ 'நான் குழப்படியா?' என்று கேட்டால் 'எல்லாப் பிள்ளையும் போலத்தான்' என்பார்கள். இடத்தோடும் பொருளோடும் கேளுங்கள். சாப்பாட்டுக்கு எத்தனை தரம் எழும்பி ஓடுவேன்? பென்சில், செருப்பு எத்தனை துலைத்தேன்? கதை சொன்னால் முடியும்வரை இருப்பேனா? திருவிழாவில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவேனா? மாமா, சித்தப்பா யாரும் இப்படியா? (இது குடும்பத்தில் ஓடும் விடயம்.) ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், பகலில் கேளுங்கள். 2008க்கு இந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் ஏடிஎச்டியைத் தேடப்போய் அம்மாவின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

அதோடு இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறியுங்கள். அதிர்ச்சியின் பின்விளைவென்றால் பெரும்பாலும் ஏதோவொன்று தூண்டியிருக்கும்: ஒரு மணம், ஹெலிச் சத்தம், மே மாதம். கெட்ட கனவு, சில இடங்களைத் தவிர்ப்பது, எப்போதும் காவலிருப்பது கூட வரும். ஏடிஎச்டிக்குத் தூண்டல் தேவையில்லை. பிடித்த வேலையிலேயே திறப்பைத் துலைப்பீர்கள், ஆர்வம் பிடித்தால் மூன்று மணித்தியாலம் தலை நிமிராமல் இருப்பீர்கள். சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. வெடிச் சத்தத்துக்கு மட்டும் துடிப்பதா, கிளாஸ் உரசுவது, ஃபான் இரைச்சல், தகரத்தில் மழை எல்லாமே குத்துகிறதா? பின்னது புலன் உணர்திறன் பக்கம் காட்டும், ஓட்டிசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும்.

இதைப் பிரிப்பது ஏன் முக்கியம்? வைத்தியம் எதிர்த்திசையில் போகும். அதிர்ச்சியால் வந்த பயத்துக்கு, தவிர்த்த இடத்தைப் பயிற்றப்பட்டவரின் துணையோடு படிப்படியாக நெருங்குவது பலன் தரும். புலன் உணர்திறனுக்கு 'பழகினால் சரி' என்று ஒலிபெருக்கிக்குக் கீழே இருத்தினால் ஆள் இன்னும் களைத்து விழுவார். அங்கே காதடைப்பானும் ஓரமான இடமும்தான் சரி. இரண்டும் ஒருவரிலேயே இருப்பதும் சாதாரணம், எனவே 'அதுவா இதுவா' என்று அடம்பிடிக்கும் ஆலோசகரிடம் கவனமாயிருங்கள்.

மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகும்போது ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்: சிறுவயதில் மூன்று உதாரணம், இப்போது மூன்று, தூக்கம் எத்தனை மணித்தியாலம், என்ன மருந்து, குடி உண்டா. முழுக்க எழுதியிருந்தால் மூன்று நிமிடத்தில் டொக்டர் வாசித்துவிடுவார், வாயால் சொல்லப்போனால் பாதி மறந்துபோகும். இரத்தச்சோகை, தைரொயிட், நித்திரைக் குறைவு ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும், அவற்றை முதலில் பார்ப்பார்கள். ஏடிஎச்டி உறுதியானால் மெதைல்ஃபெனிடேட் போன்ற மருந்து பற்றிக் கதைக்கலாம். அதன் சாதாரண வகை மூன்று நாலு மணித்தியாலம்தான் வேலை செய்யும், பின்னேரம் எடுத்தால் நித்திரை போகும், பசி குறையும். இரத்த அழுத்தமும் நிறையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவரின் குளிசையை வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஓட்டிசத்துக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. அதோடு வரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உண்டு. தாங்க முடியாத இரவென்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய உளநல உதவி இலக்கம்.

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது, ஓட்டிசம் இருக்கிறது. கலியாணம் செய்துவைத்தால் சரிவரும் என்று மாமா நிற்கிறார். பெண் வீட்டுக்குச் சொல்லவும் வேண்டாமாம்.
*வாசகி, நெடுங்கேணி*

பதில்: சரிவராது. தம்பிக்குக் கலியாணம் வேண்டுமா என்று தம்பியைக் கேட்டாயிற்றா? வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யட்டும், நல்ல கணவனாகவும் இருப்பார். ஆனால் பெண்ணுக்கு, பெண் வீட்டாருக்கு மட்டுமல்ல பெண்ணுக்கே, தம்பியே சொல்ல வேண்டும். பெயரைவிட விபரம் உதவும்: 'சன நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க ஏலாது, ஒரே சாப்பாடுதான் பிடிக்கும், சொன்ன சொல் மாறமாட்டேன்.' மறைத்துச் செய்த கலியாணத்தில், வாசலில் தொடங்கும் முதல் சண்டையே 'ஏமாத்திப்போட்டியள்' என்பதாக இருக்கும்.

கேள்வி: பிரதேச செயலகமொன்றில் உளவளத்துணை உத்தியோகத்தராக இருக்கிறேன். ஓட்டிசம், ஏடிஎச்டி உள்ளவர்கள் இரண்டாம் முறை வருவதேயில்லை. என் அறையில், முறையில் என்ன மாற்ற வேண்டும்?
*வாசகர், மாங்குளம்*

பதில்: நேரத்தில் தொடங்குங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் மனம் திறக்காது. காலை ஒன்பதுக்குக் கொடுங்கள், ஒரே கிழமைநாள், ஒரே நேரம், ஒரே கதிரை. மினுங்கும் ரியூப் லைற்றை அணைத்து யன்னலைத் திறவுங்கள். கிறீச்சிடும் ஃபானுக்கு எண்ணெய் விடுங்கள். கதிரைகளை எல் வடிவில் போடுங்கள். கையில் உருட்ட ஒரு புளியங்கொட்டைக் கிண்ணம் இருக்கட்டும். வெறும் கையோடு இருக்கச் சொன்னால் கவனம் கையை அடக்குவதிலேயே போய்விடும்.

முதல் சந்திப்புக்கு முன் ஒரு வட்ஸ்அப் செய்தி: அறை எங்கே, எந்தக் கதவு, எவ்வளவு நேரம், என்ன கேட்பீர்கள். சந்திப்பில் இன்றைய மூன்று விடயங்களைத் தாளில் எழுதி நடுவில் வையுங்கள், 20ஆம் நிமிடத்தில் ஐந்து நிமிட ஓய்வு. 'எப்படி இருக்கிறியள்?' என்பதைவிட 'திங்களிலிருந்து எத்தனை நாள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு நித்திரை?' என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பதில் ஏழாவது எண்ணில் வரும், நாங்கள்தான் மூன்றில் மறுகேள்வி போட்டுக் கெடுக்கிறோம். உணர்ச்சியின் பெயர் வராதவரிடம் உடம்பைக் கேளுங்கள்: நெஞ்சா, வயிறா, தாடையா, சூடா, இறுக்கமா? அதிலிருந்து பெயருக்கு வரலாம். உவமை, பழமொழி குறைவாக. 'மனப்பாரத்தை இறக்கி வையுங்கோ' என்றால் எங்கே என்று கேட்பார், நியாயமான கேள்வி.

வீட்டுப்பயிற்சி கொடுத்தால் ஏடிஎச்டி உள்ள பலர் செய்யமாட்டார்கள், வெட்கத்தில் அடுத்த முறை வரவும்மாட்டார்கள். உங்களிடம் இரண்டாம் முறை வராததற்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். பயிற்சியின் முதல் படியை உங்கள் அறையிலேயே செய்து முடித்து, அலாரத்தையும் உங்கள் முன்னிலையிலேயே வைக்கச் சொல்லுங்கள். செய்யாமல் வந்தால் 'எந்த இடத்தில் தடக்கினது?' என்று மட்டும் கேளுங்கள். இலக்கு எழுதும்போது 'சாதாரணமாகப் பழகுதல்' என்று எழுதாதீர்கள். 'கிழமையில் மூன்று நாள் ஆறு மணித்தியால நித்திரை', 'சந்தைக்குக் காதடைப்பானோடு போய் வருதல்' என்று எழுதுங்கள். வர ஏலாத நாளில் போனில் கதைக்க விடுங்கள். கமரா அணைந்திருந்தால் பரவாயில்லை, எழுத்தில் பதில் அனுப்பினாலும் அது சந்திப்புத்தான்.