முகவரியில் அலெக்சாண்ட்ரியா, வீடு இருப்பதோ ஃபேர்ஃபாக்ஸில்

கேள்வி: வேலை மாற்றலாகி, குடும்பத்தோடு அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போகிறோம். அலுவலகம் ரெஸ்டனில். வாடகை கட்டுப்படியாகிற ஒரு வீடு பார்த்திருக்கிறோம். முகவரியில் 'அலெக்சாண்ட்ரியா, 22309' என்று இருக்கிறது. தரகரோ 'இது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி' என்கிறார். எது சரி? மகள் ஐந்தாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்குப் போவாள்? பகுதி எப்படி?

பதில்: தரகர் சொல்வது சரி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. முகவரியிலும் தப்பில்லை. அங்கே முகவரியில் வரும் ஊர்ப்பெயர், உங்கள் கடிதத்தை எந்த அஞ்சலகம் கொண்டுவருகிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். யாருக்கு வரி கட்டுவீர்கள், எந்த போலீஸ் வரும், குழந்தை எந்தப் பள்ளியில் சேரும் என்பதெல்லாம் வேறு கணக்கு.

வர்ஜீனியாவில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் நகரம் என்பது கவுண்டிக்குள் அடக்கம். இங்கே 'சிட்டி' என்று அந்தஸ்து பெற்ற ஊர் எந்தக் கவுண்டியிலும் சேராது. நாடு முழுக்க இப்படி 41 தனி நகரங்கள்; அதில் 38 வர்ஜீனியாவில்தான். அலெக்சாண்ட்ரியா அவற்றில் ஒன்று. ஆனால் அந்த நகரத்தின் பெயரைத் தாங்கிய முகவரிகள் எல்லை தாண்டி ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் வெகுதூரம் பரவிக் கிடக்கின்றன. 22306, 22309, 22310, 22315 எல்லாம் கவுண்டிப் பகுதிகள். ஃபேர்ஃபாக்ஸ் சிட்டியின் கதை இன்னும் வேடிக்கை. 1961-ல் அது தனி நகரமானது. கவுண்டியின் நீதிமன்ற வளாகமோ அந்த நகரத்தின் நடுவில், கவுண்டிக்குச் சொந்தமான ஒரு தீவு மாதிரி நின்றுவிட்டது.

இனி கவுண்டிக்கு வருவோம். சுமார் 390 சதுர மைல் பரப்பு. 2020 கணக்கெடுப்பில் 11,50,309 பேர். வர்ஜீனியாவிலேயே மக்கள்தொகை மிகுந்த கவுண்டி இதுதான். 1950-ல் இங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை, பாதிக்குமேல் பால் பண்ணைகளும் காடும்தான். தலைநகர் வாஷிங்டனின் அரசு வேலைகளும், பிறகு ராணுவ ஒப்பந்தங்களும் கணினித் துறையும் வந்து ஊரை மாற்றின. இத்தனை பேர் இருந்தும், கவுண்டிக்குள் சொந்த மேயரோடு முறைப்படி 'டவுன்' என்று இருப்பவை மூன்றே மூன்று: வியன்னா, ஹெர்ன்டன், கிளிஃப்டன். கிளிஃப்டனில் 300 பேர்கூடக் கிடையாது. உங்கள் அலுவலகம் இருக்கும் ரெஸ்டனுக்கு மேயரே இல்லை. 1964-ல் ராபர்ட் இ. சைமன் என்பவர் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. அவர் பெயரின் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அங்கே எல்லாவற்றையும் கவனிப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி வாரியம்தான். ஒன்பது வட்டாரங்களுக்கு ஒன்பது உறுப்பினர்கள், மேலே ஒரு தலைவர். சாலையில் பள்ளம் இருந்தால் மட்டும் கவுண்டியிடம் போய்ப் பயனில்லை. பெரும்பாலான தெருக்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு.

சரி, பள்ளி. 22309 என்றால் உங்கள் மகள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி அரசுப் பள்ளியில் சேருவாள், அலெக்சாண்ட்ரியா நகரப் பள்ளியில் அல்ல. எந்தப் பள்ளி என்பது வீட்டு எண்ணை வைத்தே முடிவாகும். எதிர் வீட்டுக் குழந்தை வேறு பள்ளிக்குப் போவதுகூட உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கவுண்டிப் பள்ளித் துறையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் ஆறாம் வகுப்பு வரை இருக்கும். ஏழும் எட்டும் நடுநிலைப் பள்ளி. அதனால் மகளுக்கு அடுத்த வருஷமே மறுபடி பள்ளி மாற வேண்டிய நிலை அநேகமாக வராது.

இன்னொன்று. தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி என்று பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் முகவரியும் 'அலெக்சாண்ட்ரியா'தான். ஆனால் அலெக்சாண்ட்ரியா நகரத்துப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது! உங்கள் மகளால் முடியும். முகவரியை நம்பி வீடு பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

கார் வாங்கினால் அதன் மதிப்புக்கு ஏற்ப வருஷா வருஷம் கவுண்டிக்கு வரி உண்டு. குடிபெயர்ந்த 60 நாளுக்குள் காரைக் கவுண்டியில் பதிந்துவிடுங்கள். புதிதாக வருபவர்கள் மறந்து அபராதம் கட்டுவது இதில்தான்.

பகுதியைப் பொறுத்தவரை, உங்கள் வீடு கவுண்டியின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகைக்குப் பக்கம். அருகிலுள்ள கம் ஸ்பிரிங்ஸ், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட வெஸ்ட் ஃபோர்ட் 1833-ல் அமைத்த கறுப்பினக் குடியிருப்பு. ரிச்மண்ட் நெடுஞ்சாலை ஓரமாக எல் சால்வடார் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய. கொரியர்களின் கடைத்தெரு பார்க்க அனன்டேலுக்குப் போக வேண்டும். இந்தியர்கள் அதிகம் இருப்பது ஹெர்ன்டன், சான்டிலி பக்கம், அதாவது உங்களுக்கு எதிர்மூலை. ராஜ்தானி மந்திர் கோவிலும் சான்டிலியில்தான். கவுண்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆசியர் என்றாலும், எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை.

மண்ணும் அப்படித்தான். கவுண்டியின் கிழக்குப் பகுதி கடலோரச் சமவெளி, மேற்கு மேட்டுநிலம். இரண்டும் சந்திக்கும் பக்கத்தில்தான் பொட்டோமாக் ஆறு கிரேட் ஃபால்ஸில் பாறைகளின் மேல் விழுகிறது. கிழக்கே பல இடங்களில் நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு அதனால் கவலை இல்லை. பின்னாளில் அங்கே வீடு வாங்க நினைத்தால் அஸ்திவாரத்தைப் பொறியாளர் ஒருவரை வைத்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது பயணம்தான். மவுண்ட் வெர்னான் பக்கமிருந்து ரெஸ்டனுக்குக் கவுண்டியையே குறுக்கே கடக்க வேண்டும். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பார்க்வே சுமார் 35 மைல் நீளம்; அதில் பெரும்பகுதியை ஓட்டுவீர்கள். ரெஸ்டனுக்கு மெட்ரோவின் சில்வர் லைன் உண்டு. ஆனால் உங்களுக்கு அருகிலுள்ள ஹன்டிங்டன் நிலையம் மஞ்சள் லைனில் இருக்கிறது; வழியில் வண்டி மாறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாடகையில் மிச்சமாவது பெட்ரோலிலும் நேரத்திலும் போய்விடலாம். கூகுள் மேப்பில் செவ்வாய்க்கிழமை காலை 8 மணி என்று நேரம் கொடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டும் நிமிடங்களை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.