பேரிடர் ஆய்வுக் கட்டுரைய எப்படி எடை போடுறது?

கட்டமைப்பு வன்முறைன்னு பேசுற பேரிடர் ஆய்வுகள எப்படி நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் வேதாரண்யம் பக்கம், கஜா புயல வெச்சே சொல்றேன்.

அடிக்கிற ஆளே கண்ணுக்குத் தெரியாம, சமூக அமைப்பே மனுஷன் வாழ்க்கைய முடக்குறதத்தான் நார்வே நாட்டு சமாதான ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969ல கட்டமைப்பு வன்முறைங்கிற பேர்ல எழுதினாரு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல அடிச்ச காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா மாடி வீடு நின்னுச்சு கூரை வீடு பறந்துச்சு, தென்னை வெச்சிருந்தவருக்கு மரக்கணக்குல நிவாரணம் சரி, அந்தத் தோப்புல காய் பறிச்சு கீத்து முடைஞ்சு பொழச்சவங்க எந்தக் கணக்குல வருவாங்க? நல்ல ஆய்வுன்னா இந்த இடத்துல நின்னு பட்டா யார் பேர்ல, குத்தகை வாய்மொழியா, எந்த நிவாரணப் படிவத்துல யார் விடுபட்டாங்கன்னு படிப்படியா காட்டணும். சும்மா 'சாதி, வறுமை'ன்னு சொல்லிட்டு போனா அது விளக்கம் இல்ல, லேபிள்.

அதனால முதல்ல ஆய்வு முறை பகுதிய படிங்க. மெயின் ரோட்டு முகாம்ல மட்டும் பேசினாங்களா, உள்ள காலனித் தெரு வரைக்கும் போனாங்களா? ஊர்ப் பெரியவர் கூட இருக்கும்போதே கூலிக்காரப் பொம்பளைங்ககிட்ட பேட்டி எடுத்தா என்ன சொல்லுவாங்க? ரெண்டு வாரத்துல திரும்பிட்டா கடன் தெரியாது, அது அடுத்த சாகுபடிலதான் கழுத்த நெரிக்கும்.

சுனாமிலயும் இதேதான். போன படக எண்ணிரலாம், உப்பு ஏறுன வயல்ல போன கூலிய எண்ணுறது கஷ்டம். அத எண்ண முயற்சி பண்ணின கட்டுரைய எடுத்து வெச்சு நிதானமா படிங்க.