நுகர்வோர் கேள்வி-பதில்: பேத்தி ‘பிள்ளை கூட்டிய’ குதிரை

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு குதிரைப் படத்தைக் காட்டி, ‘இதை அடாப்ட் செய்திருக்கிறேன்’ என்கிறாள். பிடரியெல்லாம் பாசிமணி, குளம்பு நாலும் கண்ணாடி. விலை 60 டாலராம், நம் காசில் ஐயாயிரத்துக்கு மேல்! சிங்கப்பூரில் இருக்கும் அவள் அம்மானிடம் சொல்லிப் பணம் கட்ட வைத்திருக்கிறாள். மூன்று வாரம் ஆகிறது. குறுக்கே பெயர் எழுதிய சின்ன மாதிரிப் படம்தான் கையில் இருக்கிறது, பெரிய படம் இன்னும் வரவில்லை. இது ஏமாற்று வேலைதானே?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, இப்போதே அப்படி முடிவு கட்ட வேண்டாம். கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது நிஜமாகவே நடக்கிற வியாபாரம். டேவியன்ட்ஆர்ட் போன்ற ஓவியத் தளங்களில் பல வருடங்களாக நடக்கிறது. ஓர் ஓவியர் உலகத்தில் இல்லாத குதிரை இனம் ஒன்றைக் கற்பனை செய்கிறார். பிடரி எப்படி, வால் எப்படி, எங்கே வாழும், என்ன தின்னும் என்றெல்லாம் எழுதி வைக்கிறார். பிறகு அந்த இனத்தில் ஒவ்வொரு குதிரையாக வரைந்து, ஒன்றை ஒருவருக்கு மட்டும் விற்கிறார். இதைத்தான் ‘அடாப்டபிள்’ என்கிறார்கள். வாங்கியவர் அதற்குப் பெயர் வைக்கலாம், கதை எழுதலாம், வேறு ஓவியரிடம் கொடுத்து மறுபடி வரைந்தும் வாங்கலாம்.

யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று விட்டிருந்தால் ‘ஓப்பன் ஸ்பீஷீஸ்’. உருவாக்கியவர் அனுமதி இல்லாமல் அந்த இனத்தில் புதுக் குதிரை பிறக்கக் கூடாது என்றால் ‘குளோஸ்டு ஸ்பீஷீஸ்’. விலையைப் பார்த்தால் பேத்தி வாங்கியது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். அங்கே அங்க அடையாளத்துக்குத் தகுந்த விலை. சாதாரணக் குளம்பு என்றால் மலிவு, கண்ணாடிக் குளம்பு ‘ரேர்’. ஐந்து டாலருக்கும் குதிரை கிடைக்கும், இருநூறுக்கும் போகும். என்னைக் கேட்டால் 60 டாலர் கூடுதல்தான். ஆனால் நீங்கள் ஒரு கண்டாங்கிச் சேலைக்குக் கொடுக்கிற விலையைப் பேத்தி திருப்பிக் கேட்டால் நான் பொறுப்பில்லை.

‘அடாப்ட்’ என்ற சொல்தான் ஆளை மயக்குகிறது. உங்கள் பக்கத்தில் பிள்ளை கூட்டினால், அதாவது தத்து எடுத்தால், பிள்ளை முழுசாக அந்த வீட்டுக்கு வந்துவிடும். இந்தக் குதிரை அப்படி வராது. இனம் அதை உருவாக்கியவரிடமே இருக்கும். பேத்திக்கு வருவது ஒரு படமும், அதை வைத்து இன்னின்ன செய்யலாம் என்கிற அனுமதியும் மட்டும்தான். அந்த அனுமதி எதுவரை என்பதை விற்பவர் ஒரு விதிமுறைப் பக்கத்தில் எழுதியிருப்பார். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற வழக்கம் உங்களுடையது. அந்தப் பக்கத்தைப் படித்தாளா என்று முதலில் பேத்தியைக் கேளுங்கள்.

அதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஏற்கெனவே வரைந்து முடித்த குதிரை என்றால், பணம் வந்த ஓரிரு நாளில் குறுக்கே பெயர் எழுதாத முழுப் படத்தை அனுப்புவதுதான் பொதுவான வழக்கம். அதற்கு மூன்று வாரம் அதிகம். பேத்தி சொன்ன அடையாளங்களை வைத்துப் புதிதாக வரையச் சொல்லியிருந்தால் ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். அது தவறில்லை.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தட்டு வாங்குகிறவர் அதைத் திருப்பி, அடியில் எந்த நாட்டு முத்திரை என்று பார்ப்பார் இல்லையா? இங்கே முத்திரை என்பது ‘மாஸ்டர்லிஸ்ட்’. அந்த இனத்தின் எல்லாக் குதிரைகளுக்கும் எண் போட்டு, உரிமையாளர் பெயரோடு வைத்திருக்கும் பதிவேடு அது. அதில் இந்தக் குதிரை இருக்கிறதா, விற்றவர் பெயர் அதில் இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்தவர் படத்தை எடுத்து விற்றிருக்கலாம். ஏஐ-யில் தட்டி எடுத்த படத்தைக் கையால் வரைந்ததாகச் சொல்லி விற்பதும் இப்போது நடக்கிறது. சந்தேகம் இருந்தால் லேயர் பிரிந்த கோப்பை, அதாவது கோடு, நிறம் எல்லாம் தனித்தனி அடுக்காக இருக்கும் மூலக் கோப்பைக் காட்டச் சொல்லலாம். வரைந்தவரிடம் அது இருக்கும்.

அப்புறம் பணம். அம்மான் பேபால் என்ற இணையப் பணச் சேவையில் கட்டியிருந்தால், எந்த வகையில் கட்டினார் என்று உடனே கேளுங்கள். ‘பொருள், சேவை’ என்று கட்டியிருந்தால் 180 நாளுக்குள் தகராறு பதிவு செய்யலாம். அவர் கணக்கிலிருந்து அவரேதான் செய்ய வேண்டும். ‘நண்பர், உறவினர்’ என்று அனுப்பியிருந்தால் வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. கட்டணம் மிச்சம் என்று சொல்லி விற்பவர்கள் சிலர் இந்த வழியைத்தான் கேட்பார்கள், அங்கேயே உஷாராக வேண்டும். முதலில், ‘இன்ன தேதிக்குள் படம் வேண்டும், இல்லையென்றால் பணம் வேண்டும்’ என்று எழுத்தில் கேட்கட்டும். ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுத்தே 180 நாளைக் கடத்திவிடுவார்கள், காலண்டரில் குறித்து வையுங்கள். கேட்காமல் கொள்ளாமல் பணத்தைத் திரும்ப இழுத்தால் அந்த வட்டாரத்தில் பேத்தியைக் கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். பதினேழு வயசுக்கு அது ஐயாயிரத்தைவிடப் பெரிய நஷ்டம்.

நுகர்வோர் ஆணையம்? 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே, உங்களுக்கென்றால் சிவகங்கையில், புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வீட்டில் உட்கார்ந்து வரையும் ஒரு தனி ஆளிடம் அந்த உத்தரவை வைத்து 60 டாலர் வசூலிப்பது நடக்கிற காரியமில்லை. விற்றவர் இந்தியாவில் இருந்தால் கதை வேறு, 1915 என்ற தேசிய உதவி எண்ணிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: நம் நாட்டு ஓவியர் ஒருவரிடம் இப்படி ஒரு குதிரையை 1,200 ரூபாய் யுபிஐ-யில் கட்டி வாங்கினேன். அதை மக், டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்று பார்த்தால் கூடாது என்கிறார். இன்னொரு குதிரையோடு ஜோடி சேர்த்து நானே குட்டி வரையவும் கூடாதாம். காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே?
— வாசகர், தேவகோட்டை

பதில்: வாங்கியது படத்தை, பதிப்புரிமையை அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். யுபிஐ ரசீது அந்த எழுத்தாகாது. உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ரவி வர்மா அச்சுப்படம் மாட்டியிருக்கும். அதை மாட்டியவருக்கு அன்று மறு அச்சுப் போடும் உரிமை வந்துவிடவில்லை. ரவி வர்மா 1906-இல் காலமானார், அதனால் இன்று யாரும் அச்சடிக்கலாம். உங்கள் ஓவியரின் உரிமையோ அவர் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் ஓடும். அதுவரை காத்திருக்க வேண்டாம், வியாபார அனுமதிக்குத் தனி விலை கேளுங்கள். பலர் கொடுப்பார்கள்.

குட்டி விஷயம் வேறு. ஜோடி சேர்க்கும் அனுமதியைத் தனியாக விற்கிற இனங்கள் உண்டு, ‘உன் குதிரையை நீயே வரை’ என்கிற எம்.ஒய்.ஓ. ஸ்லாட்டும் உண்டு. அதை வாங்காமல் வரைந்தால் குட்டி பதிவேட்டில் ஏறாது. வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது என்றும் பல இடங்களில் விதி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்கென்றே வாங்கியிருந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் நுகர்வோரே இல்லை. இங்கே எழுதியதை ஆணையத்திலும் எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: அய்யனார் கோயில் மண்குதிரை உடம்பில் எங்கள் ஊர்ப் பூக்கல் (தரை ஓடு) கோலங்களைப் போட்டு நானே ஒரு குதிரை இனம் உருவாக்கியிருக்கிறேன். விற்பனைக்கு வைத்த பத்தாவது நாள் ஒருவர் அதேபோல் வரைந்து பாதி விலைக்கு விற்கிறார். நிறுத்த முடியுமா?
— வாசகி, ஆத்தங்குடி

பதில்: ‘அதேபோல்’ என்பதில் எவ்வளவு அதே என்று பார்க்க வேண்டும். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. பூக்கல் போட்ட குதிரை என்கிற எண்ணத்துக்கு நீங்கள் வேலி போட முடியாது. புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரத்தில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளுக்கு அவற்றைச் செய்த வேளார்கள் யாரும் வேலி போடவில்லை, கோலங்களும் உங்களுக்கு முந்தியவை. ‘குளோஸ்டு’ என்று நீங்கள் எழுதி வைப்பது உங்களிடம் வாங்குகிறவரைத்தான் கட்டும், வெளியாளைக் கட்டாது.

ஆனால் நீங்கள் வரைந்த கோடுகளையே எடுத்து நிறம் மாற்றியிருந்தால் அது திருட்டு. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கண்ணும் காலும் பொருந்தினால், தேதியுள்ள மூலக் கோப்போடு அவர் விற்கும் தளத்துக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வரைந்த அன்றே உரிமை வந்துவிடுகிறது. பொருந்தவில்லை என்றால் விட்டுவிட்டு, உங்கள் குதிரைகளுக்கு எண் போட்டு ஒரு பதிவேடு தொடங்குங்கள். விற்ற பத்து நாளில் எத்தனை போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. முதல் எண்களை அந்தப் பத்து நாளில் வாங்கியவர்களுக்கே கொடுங்கள்.