சேஜ் எண்ணெயைக் குடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் சேஜ் என்ற மூலிகையின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தான். அங்கே தொண்டை வலித்தால் சேஜ் இலையில் டீ போட்டுக் குடிப்பார்களாம். எண்ணெயைத் தினம் இரண்டு சொட்டு வெந்நீரில் விட்டுக் குடித்தால் ஞாபகமறதி போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவருக்கும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. அவருக்கு நிச்சயமாக வேண்டாம், நீங்களும் குடிக்காதீர்கள். பாட்டிலில் 'சால்வியா அஃபிசினாலிஸ்' என்று போட்டிருந்தால் அது குரோஷியாவின் டால்மேஷியக் கடலோரத்துக்குப் பெயர்போன சேஜ். அந்த எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 9909 என்ற சர்வதேசத் தரத்தைப் பாருங்கள்: துஜோன் என்ற வேதிப்பொருளின் ஆல்ஃபா வகை மட்டும் 18 முதல் 43 சதவீதம், பீட்டா வகை 3 முதல் 8.5, போதாததற்குக் கற்பூரம் 4.5 முதல் 24.5 வரை. துஜோன், கற்பூரம் இரண்டுமே அளவு மீறினால் வலிப்பை வரவழைப்பவை. மூளை நரம்புகளை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற பொருளை வேலை செய்யவிடாமல் துஜோன் தடுக்கிறது என்று 2000-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலிப்பு மாத்திரைகளில் சில இதே காபாவுக்குத்தான் கைகொடுக்கின்றன, அப்படியிருக்க எதிர்ப்பக்கம் இழுப்பதை ஏன் உள்ளே விட வேண்டும்? குழந்தைகள் சேஜ் எண்ணெயை விழுங்கி வலிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

டீ வேறு விஷயம். காய்ந்த இலை 100 கிலோவை ஆவியில் வடித்தால் ஒன்று, இரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும், அவ்வளவு செறிவு. இலைக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் ரோஸ்மரினிக் அமிலமோ ஆவியாகாது, அதனால் எண்ணெயில் வராது. இலையைப் பற்றிச் சொன்ன நல்லதையெல்லாம் எண்ணெய் கணக்கில் எழுதிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஞாபகசக்திப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மிகச் சிறிய அளவு சேஜ் எண்ணெய் கொடுத்தபோது சொற்களை நினைவில் வைப்பது சற்று மேம்பட்டது. ஆனால் அது ஸ்பானிஷ் சேஜ், துஜோன் மிகக் குறைவான வேறு இனம். வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: சோப்பு செய்கிறேன். கிளாரி சேஜும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லை. அது 'சால்வியா ஸ்கிளாரியா'. லினலைல் அசிடேட், லினலூல் என்ற மணப்பொருள்கள்தான் அதில் பிரதானம், அதனால்தான் லாவெண்டர் சாயலில் மணக்கிறது. துஜோன் அநேகமாக இல்லை. வாங்கும்போது தாவரப் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு சேஜ் எண்ணெய் எடுத்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்குக் கட்டுரை துஜோன் அளவு மாறுகிறதே, எதை நம்புவது?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: எல்லாமே சரியாக இருக்கலாம் தம்பி. விளைந்த இடம், பறித்த மாதம், இலையா பூவா என்பதைப் பொறுத்துக் கலவையே மாறும். வடிக்கும் நேரமும் முக்கியம், எண்ணெயிலுள்ள சினியோல் போன்ற லேசான பொருள்கள் முதலில் வந்துவிடும், ஹியூமுலீன், விரிடிஃபுளோரால் போன்ற கனமானவை பின்னால்தான் வரும், அதனால் சீக்கிரம் நிறுத்தினால் ஒரு எண்ணெய், மணிக்கணக்கில் ஓட்டினால் இன்னொரு எண்ணெய். உங்கள் எண்ணெயை நீங்களே, எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டிப் பார்த்த பிறகு கிருமிச் சோதனைக்குப் போங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியா பெரும்பாலும் எளிதில் அடங்கும், சூடோமோனாஸ் வெளிச்சவ்வு இருப்பதால் முரண்டு பிடிக்கும். அப்புறம், எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் அதைக் கலக்க உதவும் டிஎம்எஸ்ஓ அல்லது ட்வீன் 80 சேர்ப்பீர்கள், அவற்றை மட்டும் விட்ட ஒரு தட்டையும் கூடவே வையுங்கள், இல்லாவிட்டால் கிருமியைத் தடுத்தது எது என்று உங்களால் சொல்ல முடியாது.