எட்டே முக்காலுக்கு அணையும் விளக்கு

கேள்வி: நான் 2024-இல் இயந்திரப் பொறியியல் முடித்தேன். இணையம் வழியாக இருநூறு நிறுவனங்களுக்கு மேல் விண்ணப்பித்து, கோவையில் நேர்காணலுக்கு நேர்காணல் அலைந்தும் வேலை அமையவில்லை. 2025 ஜூலையில் எழுதிய குரூப் 4 தேர்விலும் தேறவில்லை. அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். இரவு எட்டே முக்காலுக்கு அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். வந்ததும் “பையன் சாப்பிட்டானா?” என்று அவர் அம்மாவிடம் கேட்பது என் அறை வரைக்கும் கேட்கும். பிறகு எனக்குத் தூக்கம் வர நள்ளிரவாகிவிடும். ஊக்கம் குறையாமல் வேலை தேடுவது எப்படி? பார்க்க வேண்டிய காணொளிகள் இருந்தால் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பல்லடம்.

பதில்: தம்பி, காணொளி எதையும் நான் சொல்லப் போவதில்லை. இருநூறு விண்ணப்பங்களையும் நேர்காணல்களையும் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற கடிதங்கள் மாதந்தோறும் எனக்கு வருகின்றன. போகிற போக்கில் அந்த விளக்கைப் பற்றி எழுதினீர்களே, அந்த இடத்தைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை.

உங்கள் அப்பா கேட்பது மூடிய கதவைத் தாண்டி உங்களுக்குக் கேட்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? தறிச் சத்தத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடும். வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார்கள். காலையிலிருந்து தறிகளுக்கு நடுவே நடந்து நடந்து, அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போட்டு, மீட்டர் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு வீட்டுக்குள் நுழைகிற மனிதர், வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை, தேர்வு என்னவாயிற்று என்றும் கேட்கவில்லை. சாப்பிட்டானா என்று மட்டும்தான் கேட்கிறார். பத்தடி தூரத்தில் விழித்தபடியே படுத்திருந்து, அதற்குக்கூடப் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள். சாப்பிட்டுத் தூங்கிவிட்டான் என்று உங்கள் அம்மா சொல்லியாக வேண்டியிருக்கிறது. கணவருக்குச் சோறு போடுகிற நேரத்தில் தினமும் அம்மாவை ஒரு பொய் சொல்ல வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

எட்டே முக்காலிலிருந்து நள்ளிரவு வரை மூன்றே கால் மணி நேரம். ஒரு மாதத்தில் அது ஏறக்குறைய நூறு மணி நேரம் ஆகிறது. குரூப் 4-இல் தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25 என 200 கேள்விகள் வருகின்றன. பாடம் முழுவதையும் ஒரு முறை திருப்பிப் பார்க்கப் போதுமான நேரத்தை நீங்கள் மாதந்தோறும் இருட்டில் செலவழிக்கிறீர்கள். விளக்கு எரிந்தால் அப்பா கதவைத் திறந்து பார்ப்பாரோ என்கிற பயத்தைத்தான் ஊக்கக் குறைவு என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அந்தத் தேர்வில் தேறாமல் போனது அப்படி மறைக்க வேண்டிய குற்றமும் அல்ல. 2025 அறிவிக்கையில் இருந்த பணியிடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் பல லட்சம் பேர். நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலோர் வெளியே நிற்க வேண்டிய கணக்கு இது. நாளெல்லாம் மீட்டர் கணக்குப் பார்க்கிற உங்கள் அப்பாவுக்கு இது புரியாதா? நீங்கள் ஒரு முறையாவது எதிரே உட்கார்ந்து சொன்னீர்களா?

1930-களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரின் ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, ஆய்வாளர்கள் சிலர் அங்கே தங்கி மக்களைக் கவனித்தார்கள். நாள் முழுக்க ஓய்வு கிடைத்த பிறகு, நூலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிராத நேரம் மனிதனை அப்படித்தான் ஆக்கும். வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிற வளர்ந்த பிள்ளை, அன்றைய பொழுதின் கணக்கை வீட்டில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது என் உறுதியான எண்ணம். பழங்காலப் பேச்சு என்று நீங்கள் நினைத்தாலும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தந்தையரும் எனக்கு எழுதுகிறார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர்களைவிட, பிள்ளை தன் முகத்தையே பார்ப்பதில்லை, தான் என்ன தவறு செய்தோம் என்று கேட்கிறவர்கள்தான் அவர்களில் அதிகம்.

ஆகையால் இன்று இரவு வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போய் நீங்களே கதவைத் திறங்கள். அவர் கைகால் கழுவி வருவதற்குள் இரண்டு தட்டு வைத்து, அவருக்கு நீங்களே பரிமாறி, கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். இன்று எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள், எது கைவிட்டுப் போயிற்று என்பதை உரக்கச் சொல்லுங்கள், அவர் காதில் விழ வேண்டும். நாளை இரவும் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டால் நாளைப் பகலில் ஏதாவது செய்துதான் ஆக வேண்டியிருக்கும். சாப்பிட்ட பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பகலுக்கு இரண்டு இடங்கள் சொல்கிறேன். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறார்கள், போய்ச் சேருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உங்களைப் போன்ற பட்டதாரிகளை உதவித்தொகையுடன் ஓராண்டுத் தொழிற்பழகுநர்களாக எடுப்பதுண்டு. அறிவிப்பு வரும்போது, பட்டம் பெற்றவனுக்கு இது குறைவு என்று ஒதுக்கிவிடாமல் விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் மதியச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது ஊரார் பார்க்கும்படி நடந்து தறிக்கூடத்துக்குப் போங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்து, கழுவிய போசியோடு திரும்பி வாருங்கள். பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.